வடையும் வடையையும்: ஆங்கில ஆர்ட்டிகிளைத் தமிழிலிருந்து தொடங்குவோம்

எட்டாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள் ஒன்று நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோடிட்ட இடத்தை நிரப்பும் பகுதியில் ஆர்ட்டிகிள் கேள்விகள் ஐந்து, நான்கு சரி. பக்கத்தைப் புரட்டினால் அதே மாணவர் எழுதிய பத்தி. 'மை ஃபாதர் இஸ் ஃபார்மர். ஹி ஹாஸ் கௌ. கௌ கிவ்ஸ் மில்க்.' ஆறு வாக்கியத்தில் ஓர் இடத்தில்கூட ஆர்ட்டிகிள் இல்லை. கோடு போட்டுக் காட்டினால் நிரப்பத் தெரிகிறது. கோடு இல்லாத இடத்தில், அங்கே ஒரு சொல் தேவை என்றே தோன்றவில்லை.

விதி தெரியாததால் வரும் தவறல்ல இது. விதிகளை ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லித் தருகிறோம்; பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அந்தச் சின்னச் சொல் என்ன வேலை செய்கிறது என்பது அவர்களுக்கு எட்டவில்லை. 'தமிழில் ஆர்ட்டிகிளே இல்லை, அதனால் நம் பிள்ளைகளுக்கு வராது' என்று நாமே சில நேரம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இது பாதிதான் உண்மை. அந்தச் சொல்வகை தமிழில் இல்லை. அந்த வேலை தமிழில் இருக்கிறது. அதைத் தமிழ் வேறு இடத்தில், பெரும்பாலும் சொல்லின் கடைசியில், செய்துகொள்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது பிழையில்லாமல் வருகிறது. பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம் என்பதே இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறு குறிப்பு. எழுத்தின் பெயர் 'ஏ' என்றாலும், இயல்பான பேச்சில் அது குறுகிய 'அ' ஆகத்தான் ஒலிக்கிறது. 'ஏ பாய், ஏ கேர்ள்' என்று அழுத்திப் படிக்கப் பழக்குவதால்தான் வாசிப்பு கட்டை வண்டி போல நின்று நின்று போகிறது. ஆகவே இங்கே 'அ', 'அன்', 'த' என்றே எழுதுகிறேன். (நம் அகரம் சுட்டெழுத்து, 'அவ்வீடு' என்றால் குறிப்பிட்ட ஒரு வீடு. ஆங்கில 'அ'வோ அதற்கு நேர் எதிர், ஏதோ ஒரு வீடு. இந்த வேடிக்கையை உயர் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் ரசிப்பார்கள்.)

பால் வாங்கி வந்த பிள்ளை

வீட்டில் அம்மா சொல்கிறார்: 'கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வா.' பிள்ளை வாங்கி வந்ததும் சொல்கிறார்: 'பாலை அடுப்புல வை.' முதலில் 'பால்', பிறகு 'பாலை'. ஏன் மாறியது? முதல் வாக்கியத்தில் எந்தப் பால் என்று இருவருக்கும் தெரியாது. கடையில் எது கிடைக்கிறதோ அது. இரண்டாவதில் இருவருக்கும் தெரியும். இப்போது கையில் இருக்கும் பால். அம்மா யாரும் 'பாலை வாங்கிட்டு வா' என்று தொடங்குவதில்லை. அப்படிச் சொன்னால், 'எந்தப் பால்? நேற்று சொல்லி வைத்ததா?' என்று பிள்ளை கேட்கும்.

இதுதான் 'த'. கேட்பவருக்கும் எது என்று தெரியும் எனப் பேசுபவர் கருதினால் ஆங்கிலத்தில் 'த'. தமிழில், செயப்படுபொருள் அஃறிணையாக இருந்தால், 'ஐ' உருபு வெளிப்படும். தெரியாது என்றால் 'ஐ' தொக்கி நிற்கும். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று தமிழ் வகுப்பில் படிப்பதுதான்.

வகுப்பறையில் நாள்தோறும் நாம் சொல்லும் வாக்கியங்களையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம். 'படம் வரை' என்றால் 'ட்ரா அ பிக்சர்'. 'படத்தைப் பார்' என்றால் 'லுக் அட் த பிக்சர்'. 'பாட்டுப் பாடு' என்பது 'சிங் அ சாங்'. 'பாட்டைப் பாடு' என்பது 'சிங் த சாங்', நேற்று கற்றுக்கொடுத்த அந்தப் பாட்டு. 'கதவைச் சாத்து' என்கிறோமே தவிர 'கதவு சாத்து' என்று யாரும் சொல்வதில்லை. வகுப்பறைக் கதவு எது என்று எல்லோருக்கும் தெரியும். எனவே 'க்ளோஸ் த டோர்'. 'போர்டை அழி' என்பதும் அப்படித்தான்.

இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதி, 'ஐ' இருக்கும் சொற்களுக்கு மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு ஆங்கில வாக்கியங்களில் 'த' வருமிடத்தில் வட்டம். இரண்டு வட்டங்களும் ஒரே வரிசையில் விழும். இதைப் பார்த்தபின் 'த' எதற்கு என்று தனியாக விளக்க அதிகம் இருக்காது.

'ஐ' இல்லாத இடத்தில் இன்னொரு கேள்வி உண்டு. 'படம் வரை' என்பதில் 'அ' வந்தது; 'தண்ணீர் குடி' என்பதில் ஏன் வரவில்லை? 'ஒரு படம், இரண்டு படம்' என்று எண்ணலாம்; 'ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர்' என்று எண்ணுவதில்லை. எண்ண முடிந்தால், அதுவும் ஒன்றே என்றால், 'அ'. இல்லாவிட்டால் வெறுமனே 'ட்ரிங்க் வாட்டர்'. அம்மா சொன்ன முதல் வாக்கியமும் 'பை மில்க்' அல்லது 'பை சம் மில்க்'தான்.

ஒரு எச்சரிக்கை. உயர்திணையில் இந்த வழி செல்லாது. 'வழியில் ஒரு பையனைப் பார்த்தேன்' என்கிறோம். முன்பின் தெரியாத பையனானாலும் 'ஐ' வந்தே தீரும். ஆகவே தொடக்கத்தில் பொருள்களையே எடுத்துக்காட்டாகக் கொடுங்கள். மனிதர்களைப் பிறகு கொண்டுவரலாம். அப்போது 'ஒரு' என்ற சொல் கைகொடுக்கும்: தமிழில் 'ஒரு' வந்தால், 'ஐ' இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'அ'தான்.

பாட்டி சுட்ட வடை

ஆங்கில இலக்கண நூல்கள் 'முதல்முறை குறிப்பிடும்போது அ, மறுமுறை த' என்று ஒரு விதி சொல்லும். தமிழ்க் குழந்தைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. ஏனென்றால் நம் கதைகள் எல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ஒரு பொண்ணாம்.' ஒருமுறை 'ஒரு ராஜா' என்று சொன்னபின், மறுபடி 'ஒரு ராஜா' என்றால், 'இது வேற ராஜாவா டீச்சர்?' என்று முதல் வரிசையிலிருந்தே குரல் வரும்.

காக்கா கதையை எடுத்துக்கொள்வோம். ஒரு பாட்டி வடை சுட்டாள். ஒரு காக்கா வந்தது. காக்கா ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. ஒரு நரி காக்காவைப் பார்த்தது. நரி பாட்டுப் பாடச் சொன்னது. காக்கா வாயைத் திறந்தது. வடை கீழே விழுந்தது. நரி வடையைக் கவ்விக்கொண்டு ஓடியது.

'வடை' என்ற ஒரே சொல் இங்கே நான்கு வேடம் போடுகிறது. 'வடை சுட்டாள்': எத்தனை, எவை என்று சொல்லவில்லை, ஆங்கிலத்தில் பன்மை, ஆர்ட்டிகிள் இல்லாமல் 'வடாஸ்'. 'ஒரு வடையை': சுட்டவற்றில் ஏதோ ஒன்று, 'அ வடா'. 'வடை விழுந்தது': காக்காவின் வாயில் இருந்த அதே வடை, 'த வடா'. 'வடையைக் கவ்வியது': மறுபடியும் 'த வடா'. இந்த நான்கையும் மாணவர்களே தமிழில் பிரித்துச் சொல்லட்டும். பிறகு கதையை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கலாம்.

மூன்றாவது வேடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'வடை விழுந்தது' என்பதில் உருபு எதுவும் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் 'த' வருகிறது. எழுவாயில் தமிழின் பழக்கம் வேறு. நிறுத்தத்தில் நின்றுகொண்டு 'பஸ் வந்துடுச்சு' என்றால் நாம் காத்திருந்த பஸ். 'த பஸ் ஹாஸ் கம்'. 'ஒரு பஸ் வந்துச்சு, நிக்காம போயிடுச்சு' என்றால் ஏதோ ஒரு பஸ், 'அ பஸ்'. 'தலைமையாசிரியர் வருகிறார்', 'மணி அடித்துவிட்டது', 'கரண்ட் போய்விட்டது' எல்லாம் கேட்பவருக்குத் தெரிந்தவை. அதாவது, நடந்து முடிந்த அல்லது நடந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லும்போது, எழுவாய் வெறுமனே நின்றால் பெரும்பாலும் 'த'. செயப்படுபொருள் வெறுமனே நின்றால் 'த' இல்லை. பிள்ளைகள் எழுதும் 'பஸ் ஹாஸ் கம்', 'பெல் ராங்' போன்ற தவறுகள் பெரும்பாலும் எழுவாயில் நடப்பவையே.

'அந்த' என்று மொழிபெயர்க்க வேண்டாம்

வழிகாட்டி நூல்கள் பலவற்றில் 'த' என்றால் 'அந்த' என்று பொருள் போட்டிருக்கும். அதைப் படித்த பிள்ளை 'த சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்பதை 'அந்தச் சூரியன் அந்தக் கிழக்கில் உதிக்கிறது' என்று சொல்கிறது. வேறொரு சூரியன் இருப்பது போல! இந்த மொழிபெயர்ப்பால் ஆங்கிலமும் புரிவதில்லை, தமிழும் கெடுகிறது. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

'அந்த' என்பதற்கு ஆங்கிலத்தில் 'தட்' இருக்கிறது. விரல் நீட்டிக் காட்டும் அழுத்தம் 'தட்' என்பதில் உண்டு. 'த'வில் அது தேய்ந்துபோய்விட்டது. வரலாற்றில் இரண்டும் ஒரே சுட்டுச்சொல்லின் குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் சுட்டாக இருந்ததே மெலிந்து 'த' ஆயிற்று. அதுபோல 'அன்' என்பதும் 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயர் தேய்ந்து வந்ததே. நம் 'ஒரு'வும் 'ஒன்று'ம் போலத்தான்.

காக்கா கறுப்பாக இருக்கும்

'பசு' என்று கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே சிக்கல். 'கௌ இஸ் டொமெஸ்டிக் அனிமல்' என்று எழுதுவார்கள். இங்கே எந்தக் குறிப்பிட்ட பசுவையும் பற்றிப் பேசவில்லை. பசு என்னும் இனத்தைப் பற்றிப் பேசுகிறோம். தமிழில் ஒருமையில் 'பசு வீட்டு விலங்கு' என்றால் போதும். ஆங்கிலத்தில் ஒருமைப் பெயர், அதுவும் எண்ணக்கூடியது, துணையில்லாமல் தனியாக நிற்காது. 'த கௌ' எனலாம், 'அ கௌ' எனலாம். எல்லாவற்றிலும் எளிது பன்மைக்குப் போய் 'கௌஸ் ஆர் டொமெஸ்டிக் அனிமல்ஸ்' என்பது. நடுநிலை வகுப்புகளில் பன்மை ஒன்றை மட்டும் பழக்கினால் போதும் என்பது என் கருத்து. மூன்றையும் ஒரே நாளில் சொன்னால் மூன்றும் கலந்துவிடும்.

பொதுவாகச் சொல்கிறோமா, குறிப்பாகச் சொல்கிறோமா என்பதை மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கும் அவர்களின் தமிழிலேயே ஒரு கருவி இருக்கிறது. 'காக்கா கறுப்பா இருக்கும்', 'காக்கா கறுப்பா இருக்கு' என்ற இரண்டையும் சொல்லிக்காட்டுங்கள். 'இருக்கும்' என்றால் எல்லாக் காக்கையும். 'இருக்கு' என்றால் மரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்று. முதலாவது 'க்ரோஸ் ஆர் ப்ளாக்'. இரண்டாவது 'த க்ரோ இஸ் ப்ளாக்'. அதேபோல 'பசு பால் தரும்' என்பது 'கௌஸ் கிவ் மில்க்'. 'பசு இன்னிக்குப் பால் தரல' என்பது 'த கௌ'. வினைமுற்றின் கடைசியில் 'உம்' வந்து, அது நாளை நடப்பதைக் குறிக்காமல் எப்போதும் நடப்பதைக் குறித்தால், ஆங்கிலத்தில் பன்மை, 'த' வேண்டாம். 'த டாக்ஸ் ஆர் ஃபெய்த்ஃபுல்', 'ஐ லவ் த நேச்சர்' என்று விதியைப் படித்துவிட்டு எங்கும் 'த' தூவும் பிள்ளைகளுக்கும் இதுவே மருந்து.

தமிழ் உதவாத இடம்

'என் அப்பா விவசாயி.' 'அவர் ஆசிரியர்.' 'நான் மாணவி.' இங்கே தமிழ் 'ஒரு' போடுவதில்லை. 'என் அப்பா ஒரு விவசாயி' என்று எழுதுகிறவர்கள் உண்டுதான். பேச்சில் அது இயல்பாக வருவதில்லை. எனவே 'மை ஃபாதர் இஸ் ஃபார்மர்' என்பது தமிழ் பேசும் குழந்தையிடம் இயற்கையாக வரவேண்டிய தவறு. ஆர்ட்டிகிள் இல்லாத ரஷ்ய மொழியையோ ஜப்பானிய மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஆங்கிலம் கற்கும்போது இதே இடத்தில் விழுகிறார்கள். இங்கே விளக்கம் பயன்படாது. வாய்ப் பழக்கம்தான் வழி. தொழிற்பெயரைத் தனியாகக் கற்றுக்கொடுக்காமல் 'அ ஃபார்மர், அ டெய்லர், அன் எலெக்ட்ரீஷியன், அன் ஆட்டோ டிரைவர்' என்று ஒட்டியே கற்றுக்கொடுக்க வேண்டும். சுவரில் ஒட்டும் படத்திலும் அப்படியே எழுதலாம். இதற்குப் பயிற்சி தரும்போது 'உன் அப்பா என்ன வேலை செய்கிறார்' என்று வரிசையாகக் கேட்க வேண்டாம். அப்பா இல்லாத பிள்ளை, சொல்லத் தயங்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. 'நீ என்னவாகப் போகிறாய்?' என்று கேட்டால் 'ஐ வான்ட் டு பி அ பைலட்' என்று வாய் நிறையச் சொல்லும்.

இன்னொன்று. 'ஒரு தகவல்', 'ஒரு அறிவுரை', 'ஒரு நல்ல செய்தி' என்று நாம் எண்ணுகிறோம். ஆங்கிலம் இவற்றை எண்ணுவதில்லை. 'அன் இன்ஃபர்மேஷன்', 'அன் அட்வைஸ்', 'அ குட் நியூஸ்' மூன்றும் பிழை. பெரியவர்களான நம் பேச்சிலும் இவை புழங்குவதால் பிள்ளைகளுக்கு எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. 'அ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றோ வெறுமனே 'சம் அட்வைஸ்' என்றோ சொல்ல வேண்டும். 'ஒரு பத்துப் பேர்' என்பதில் உள்ள 'ஒரு'வும் 'அ' ஆகாது. 'ஏறக்குறைய' என்பதே அதன் பொருள்.

'அ'வா 'அன்'னா? தமிழில் எழுதிப் பாருங்கள்

'ஏ, ஈ, ஐ, ஓ, யூ எழுத்துகளுக்கு முன் அன்' என்று மனப்பாடம் செய்தவர்கள் 'அன் யூனிஃபார்ம்', 'அ அவர்' என்று எழுதுவது நமக்குப் புதிதல்ல. எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள் என்கிறோம். ஆங்கில எழுத்து கண்முன் இருக்கும்போது ஒலியை மட்டும் கேட்பது பிள்ளைக்குக் கடினம். அதற்கு எளிய வழி, அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்வது. தமிழில் உயிரெழுத்தில் தொடங்கினால் 'அன்'. உயிர்மெய்யிலோ மெய்யிலோ தொடங்கினால் 'அ'.

அம்ப்ரெல்லா: அகரம், ஆகவே 'அன்'. யூனிஃபார்ம்: யகரம், ஆகவே 'அ'. 'அவர்', 'ஆனஸ்ட்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'எச்'. ஆனால் தமிழில் எழுதினால் அகரமும் ஆகாரமும், ஆகவே 'அன்'. எம்.எல்.ஏ., எஸ்.எம்.எஸ்., எக்ஸ்-ரே மூன்றும் எகரத்தில் தொடங்குகின்றன, 'அன்'. யூரோப்பியன், யூஸ்ஃபுல், யூனிவர்சிட்டி எல்லாம் 'அ'. உயிருக்கு முன் ஒன்று, மெய்க்கு முன் ஒன்று என்பதும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல: 'ஓர் ஊர்', 'ஒரு நகரம்' என்று தமிழ்ப் பாடத்தில் படிப்பதுதான். நாம் இன்று எல்லா இடத்திலும் அதைப் பின்பற்றுவதில்லை என்பது வேறு விஷயம். இந்தப் பாடத்தை அந்த வாரம் தமிழாசிரியரோடு பேசிக்கொண்டு நடத்தினால் இரண்டு பாடத்துக்கும் பயன்.

இந்தச் சோதனை சறுக்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'இயர்' என்று ஆண்டைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் இகரத்தில் எழுதுகிறோம். சோதனைப்படி 'அன் இயர்' என்றாகும். படித்தவர்களிடமும் கேட்கிற தவறு இது. சரியானது 'அ இயர்'தான், ஏனெனில் ஆங்கில ஒலி 'யி' என்று தொடங்குகிறது. காதைக் குறிக்கும் சொல்தான் உண்மையான 'இயர்', அதற்கு 'அன்'. சாலையோரம் 'ஒர்க்‌ஷாப்' என்று பலகை பார்க்கிறோம். ஆங்கிலத்தில் அது வகர ஒலியில் தொடங்குவது, 'அ'தான் வரும். 'உமன்' என்று எழுதினாலும் ஒலி 'வு'. 'அ உமன்' என்பதே சரி.

ஏன் சரியாக இந்தச் சொற்களில் மட்டும் தவறுகிறது? காரணம் நன்னூலில் இருக்கிறது. சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளைச் சொல்லும்போது பவணந்தி முனிவர் யகரத்தை அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறு உயிர்களோடு மட்டுமே ஏற்கிறார். 'யி', 'யீ', 'யெ' முதலில் வாரா. வகரத்தில் உ, ஊ, ஒ, ஓ நான்கும் வாரா. தமிழ் நாக்கும் தமிழ்க் காதும் இந்த வரையறையில் பழகியவை. 'யியர்' என்பதை 'இயர்' என்றும், 'வுமன்' என்பதை 'உமன்' என்றும், 'யெல்லோ'வை 'எல்லோ' என்றும் அவை திருத்திக்கொள்கின்றன. எனவே பிள்ளை 'அன் எல்லோ ஃப்ளவர்' என்று எழுதினால், அது இலக்கணம் தெரியாத தவறல்ல. கேட்டபடி, விதிப்படி எழுதிய விடை. ஒலியைத் திருத்தினால் விடை தானே திருந்தும். இதற்கு மாறான சிக்கலும் உண்டு. பேச்சுத் தமிழில் சொல் முதல் எகரத்தின் முன் ஒரு யகரச் சாயல் ஏறும். 'யெம்மெல்லே' என்று ஒலித்துக் கேட்டால் 'அ' போலத் தோன்றும். ஹகரத்தை விட்டு 'ஓட்டல்' என்று எழுதுவதும் அப்படியே. 'ஹோட்டல்' என்று எழுதிய பிறகே சோதனை செய்ய வேண்டும்.

'த' என்பதை ஒலிப்பதற்கும் இதே சோதனைதான். உயிருக்கு முன் 'தி' (தி அம்ப்ரெல்லா, தி அவர்), மெய்க்கு முன் 'த'. தகரம் 'தம்பி'யில் வரும் வல்லோசை அல்ல. 'அது' என்று சொல்லும்போது நடுவில் வரும் மென்மையான தகரம்.

கிரிக்கெட் பிடித்த வகுப்பாக இருந்தால் ஒரு கதை சொல்லலாம். 'அம்பயர்' என்னும் சொல் முன்பு ஆங்கிலத்தில் நகரத்தோடு 'நம்பயர்' என்பது போல ஒலித்தது. 'அ நம்பயர்' என்று சேர்த்துச் சொல்லச் சொல்ல, நகரம் எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்பது குழம்பி, 'அன் அம்பயர்' என்று பிரிந்துவிட்டது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் 'ஏப்ரன்' என்ற சொல்லும் அப்படி நகரத்தை இழந்ததே. அதன் உறவான 'நாப்கின்' மட்டும் நகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசியவர்களே தடுமாறிய இடம் இது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்குக் கூச்சம் குறையும்.

ஆறுகள், கடல்கள், மலைத்தொடர்கள் என்று நீளும் 'த' பட்டியலை உயர்நிலை வகுப்புக்கு ஒத்திவைக்கலாம். 'த காவேரி', 'த நீல்கிரிஸ்' என்று பாடத்தில் வரும்போது வரும்போது காட்டினால் போதும்.

திருத்துவது எப்படி?

ஆர்ட்டிகிள் விட்டுப்போனால் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை. 'மை ஃபாதர் இஸ் ஃபார்மர்' என்று சொன்ன பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தி 'அ எங்கே?' என்று கேட்டால், அடுத்த வாக்கியம் வராது. பல பிள்ளைகளிடம் அடுத்த நாளும் வராது. 'ஓ, யுவர் ஃபாதர் இஸ் அ ஃபார்மர்! வாட் டஸ் ஹி க்ரோ?' என்று சரியான வடிவத்தை நம் வாயால் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடரலாம். எழுத்தில், ஒரு பத்தியில் எல்லா விடுபடல்களையும் சிவப்பு மையால் நிரப்பாமல், ஒரே வகைத் தவறை மட்டும் அந்த வாரம் அடிக்கோடிடுங்கள். இந்த வாரம் எழுவாயில் விட்டுப்போன 'த' மட்டும். அடுத்த வாரம் தொழிற்பெயருக்கு முன் 'அ' மட்டும். 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் இந்தத் திருத்தம் எதுவுமே வேண்டாம். அங்கே 'அன் ஆப்பிள்', 'அ பால்' என்று ஒரே சொல் போலக் காதில் விழுந்தால் போதும்.

நாளைய வகுப்புக்கு ஒரு பத்தி தருகிறேன். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பொருந்தும். கோடிட்ட இடமாகக் கொடுக்காமல், தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு கிணறு இருக்கிறது. கிணறு ஆழமானது. நேற்று ஒரு ஆடு கிணற்றில் விழுந்தது. என் மாமா எலெக்ட்ரீஷியன். அவர் கயிறு கொண்டுவந்து ஆட்டைத் தூக்கினார். ஆடு ஒரு மணி நேரம் நடுங்கியது. கிணற்றுக்கு மூடி வேண்டும்.

வரிசையாக வர வேண்டியவை: 'அ வெல்', 'த வெல்', 'அ கோட்', 'த வெல்', 'அன் எலெக்ட்ரீஷியன்', 'அ ரோப்', 'த கோட்', 'த கோட்', 'அன் அவர்', 'த வெல்', 'அ லிட்'. வாக்கிய அமைப்பு எப்படியிருந்தாலும் இந்தப் பதினொன்றை மட்டும் பாருங்கள். 'அவர்' என்பதில் வகுப்பில் பாதி தடுமாறும். தமிழில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கயிற்றில் மட்டும் அவசரப்பட வேண்டாம். சிலர் 'த ரோப்' என்று எழுதியிருப்பார்கள். எந்தக் கயிறு என்று கேளுங்கள். 'கிணத்தடியிலேயே கிடக்குமே மிஸ், அந்தக் கயிறு' என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளை மனத்தில் 'கயிற்றைக் கொண்டுவந்தார்' என்று படித்திருக்கிறது. முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.